மூணாவது வாரத்துல நின்னு போற உடற்பயிற்சி: 44, 71, 13 மூணு வயசுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். உங்களுக்கு 44 வயசு, நாள் முழுக்க உக்காந்து பார்க்கற வேலை, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது உடற்பயிற்சி ஆரம்பிக்கிறீங்க, மூணாவது வாரத்துல நின்னுடுது. அம்மாவுக்கு 71, முழங்கால் வலி, "இந்த வயசுக்கு மேல என்ன பண்ணி என்ன ஆகப்போகுது"ன்னு உக்காந்துட்டாங்க. பையனுக்கு 13, ஃபோன வெச்சுட்டு எந்திரிக்கிறதே இல்ல. யாருக்கு என்ன, எவ்வளவு, விடாம பண்றது எப்படி, காலைலயா சாயங்காலமா, இதான கேள்வி. நான் பிசியோதெரபிஸ்ட், பெரும்பாலும் வயசானவங்களோடதான் வேலை, அதனால பதில் கொஞ்சம் அம்மா பக்கம் சாயும், பொறுத்துக்குங்க.

விடாம பண்றது எப்படின்னு கேக்கறீங்களே, அந்தக் கேள்வியோடவே எனக்கு ஒரு சின்ன சண்டை இருக்கு. விடாம பண்றவங்கன்னு யாரும் கிடையாது. காய்ச்சல் வரும், வேலைல நெருக்கடி வரும், வெளியூர் போக வேண்டியிருக்கும், வீட்ல யாராவது ஆஸ்பத்திரில படுப்பாங்க. எழுபது வயசுலயும் படி ஏறி இறங்கி ஜம்முனு நடமாடறவங்கள உக்கார வெச்சு கதை கேட்டா முக்காவாசிப் பேர் பல தடவை நிறுத்தினவங்கதான், என்ன, நிறுத்தின கொஞ்ச நாள்லயே அலட்டிக்காம திரும்ப ஆரம்பிச்சிருப்பாங்க. நீங்க ஒரு தடவை நிறுத்தினா அடுத்து ஆரம்பிக்க ஆறு மாசம் ஆகுது. அந்த ஆறு மாசத்த ஆறு நாளா சுருக்க முடிஞ்சா போதும், மத்ததெல்லாம் தானா வரும். கீழ நான் சொல்றது எல்லாமே இதச் சுத்திதான் வரும்.

21 நாள் பண்ணினா பழக்கமாயிடும்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு இல்லையா, அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், முகத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழக குறைஞ்சது மூணு வாரம் ஆகுதுன்னு எழுதினதுல இருந்து கிளம்பினது. உடற்பயிற்சிக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. நிஜமா அளந்து பார்த்தவங்க லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்களோட டீமும். 96 பேர், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம், 84 நாள். 2010ல ஜர்னல்ல அச்சாச்சு. யோசிக்காம தானா நடக்கற அளவுக்கு வர நடுத்தரமா 66 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போச்சு கணக்கு, அதுலயும் தண்ணி குடிக்கிற மாதிரி சுலபமானத விட உடற்பயிற்சிக்கு ஒன்றரை மடங்கு நாள் பிடிச்சது. அப்ப நீங்க மூணாவது வாரத்துல "எனக்கு இன்னும் பழக்கமாகலயே, நமக்கு இது செட் ஆகாது"ன்னு முடிவு பண்ணி விடறீங்க பாருங்க, அது பாதி வழி கூட இல்ல.

அதே ஆராய்ச்சில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு இருக்கு, யாரும் அத எடுத்துச் சொல்றதில்ல. நடுவுல ஒரு நாள் தவறினா பழக்கம் உருவாகறதுல பெருசா எந்த பாதிப்பும் தெரியல. ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் நம்ம ஆளுங்க "சரி விட்டாச்சு, இனிமே அடுத்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து பாத்துக்கலாம்"னு மொத்தத்தையும் ஏறக்கட்டிடறாங்க.

ஒரு நாள் போனா பரவால்ல, எத்தனை நாள் போனா பரவால்லன்னு கேப்பீங்க. ரெண்டு நாளைக்கு மேல தொடர்ச்சியா விடாதீங்கன்னு நான் சொல்வேன். ஒரு தடவை நல்லா நடந்தாலோ வெயிட் தூக்கினாலோ இன்சுலின் வேலை செய்யற திறன் கூடுது, அந்தக் கூடுதல் சுமார் 24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரம் வரைக்கும் நிக்கும், அப்புறம் கரைஞ்சிடும். சுகர் இருக்கறவங்க ரெண்டு நாளைக்கு மேல சேர்ந்தாப்ல சும்மா இருக்கக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான். சுகர் இல்லாதவங்களுக்கும் இது நல்ல கோடுதான், ஞாபகம் வெச்சுக்க சுலபம்.

இப்ப, ஏன் மூணாவது வாரம்? ரெண்டு காரணம் எனக்குத் தெரியும். முதல் காரணம் ஆரம்பம் ரொம்பப் பெருசு. பல மாசமா அசையாத உடம்ப திடீர்னு தினம் ஒரு மணி நேரம் ஓட வெக்கிறீங்க. ரெண்டாம் நாள் உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. (இந்த வலிக்கு லாக்டிக் ஆசிட் காரணம்னு ஜிம்ல இன்னமும் சொல்றாங்க, அது பயிற்சி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்துல இருந்து போயிடும். இது பழக்கமில்லாத வேலைல தசை நார்ல வர்ற நுண்ணிய சேதமும் அத சரிபண்ண உடம்பு பண்ற வேலையும், 24 மணி நேரத்துக்கு மேலதான் உச்சத்துக்குப் போகும், 72 மணி நேரம் வரைக்கும் கூட இழுக்கும். அதே பயிற்சிய அடுத்த தடவை பண்ணினா பாதி கூட வலிக்காது.) ஆர்வம் இருக்கற வரைக்கும் இந்த வலியத் தாங்கிடலாம், ஆர்வம் ரெண்டு வாரம்தான் இருக்கும்.

ரெண்டாவது காரணம் எடை. 44 வயசுல உடற்பயிற்சி ஆரம்பிக்கிற பத்துல எட்டு பேர் தொப்பைக்காகத்தான் ஆரம்பிக்கிறாங்க, மூணு வாரம் நடந்துட்டு மெஷின்ல ஏறி நின்னா முள்ளு அசையாது, அப்புறம் எதுக்குன்னு நின்னுடறாங்க. உடற்பயிற்சி மட்டும் பண்ணி எடை குறையறது ரொம்பக் கொஞ்சம்தான், அது பெரும்பாலும் சாப்பாட்டுப் பக்கம் இருக்கற கணக்கு. பசி கூடும், மிச்ச நேரத்துல உடம்பு தானா கொஞ்சம் கம்மியா அசையும், அடுப்படியிலயும் சோஃபாலயும் எல்லாம் சரியாயிடும். ஆனா எடை மெஷினுக்குத் தெரியாத விஷயங்கள் சீக்கிரமே மாறும். தூக்கம் நல்லா வரும், மனசு லேசாகும், சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற சுகர் அன்னைக்கே குறையும், பிரஷர் சில வாரத்துல இறங்க ஆரம்பிக்கும். அளந்து பாக்கணும்னா எடைய விட்டுட்டு இத அளங்க: வழக்கமா ஏறற மாடிப்படில எந்தப் படில மூச்சு வாங்குது, ஒரு மாசம் கழிச்சு எந்தப் படில வாங்குது.

ஆரம்பத்த எவ்வளவு சின்னதா வெக்கணும்? கேட்டா சிரிப்பீங்க, முதல் ரெண்டு வாரம் ஒரு நாளைக்கு 10 நிமிஷ நடை, வாரத்துல ரெண்டு நாள் நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது பத்து தடவை, சுவத்துல கை வெச்சு தள்ற புஷ்அப் பத்து. அவ்வளவுதான். இன்னும் பண்ணலாம் போல இருக்கேன்னு தோணும்போதே நிறுத்திடணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஏத்துங்க. நீங்க இப்ப கட்டறது தசைய கூட இல்ல, அந்த நேரத்துக்கு ஷூ மாட்டற பழக்கத்த.

அந்த நேரம்னு சொன்னேன் பாருங்க, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 2002ல பிரிட்டன்ல காலேஜ் ஸ்டூடண்ட்ஸ வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, மூணு குரூப். ஒண்ணுக்கு ஒண்ணுமே சொல்லல, இன்னொண்ணுக்கு இதய நோய் பத்தி, உடற்பயிற்சியோட நன்மை பத்தி எல்லாம் பிட்டு பிட்டு வெச்சாங்க, மூணாவது குரூப்புக்கு அதையும் சொல்லி கூடவே "அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துல பண்ணப் போறேன்"னு எழுத வெச்சாங்க. முதல் குரூப்ல 38 சதவீதம் பேர் பண்ணினாங்க, நன்மைய மட்டும் கேட்ட குரூப்ல 35, எழுதின குரூப்ல 91. கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல பாருங்க, அதனாலதான் அம்மாவுக்கும் பையனுக்கும் நீங்க பண்ற அட்வைஸ் எடுபடல. இது இள வயசுக்காரங்கள வெச்சு கொஞ்ச காலத்துக்குப் பாத்தது, வருஷக்கணக்கா இப்படியே நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஆரம்பிக்கறதுக்கு இத விட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. "நேரம் கிடைக்கும்போது நடக்கறேன்"ங்கறவங்களுக்கு நேரம் கிடைச்சு நான் பாத்ததில்ல. ஏற்கனவே தினம் தானா நடக்கற ஏதாவது ஒண்ணோட முடிச்சு போட்டுடுங்க: பல் தேய்ச்சு முடிச்சதும், இல்ல வேலை முடிஞ்சு லேப்டாப்ப மூடினதும்.

கூடவே இன்னொண்ணும் சேர்த்துக்கலாம். பென்சில்வேனியா யுனிவர்சிட்டில கேட்டி மில்க்மேன்னு ஒரு பேராசிரியர், கதை விறுவிறுப்பா போற ஆடியோ புத்தகங்கள ஜிம்ல மட்டும்தான் கேக்க முடியும்னு பூட்டி வெச்சு பார்த்தாங்க, ஆரம்பத்துல அந்த குரூப் மத்தவங்கள விட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு வந்தது. ஆசைப்பட்டத நடக்கும்போது மட்டும் கேக்கறதுன்னு வெச்சுக்கறது நல்ல தந்திரம்தான். ஆனா நடுவுல ஒரு லீவு வந்தது, ஜிம் மூடிட்டாங்க, திரும்ப திறந்தப்ப அந்த வித்தியாசம் காணாம போச்சு. திரும்ப நம்ம பிரச்சனைக்கே வந்துட்டோம் பாருங்க, நல்லா போயிட்டு இருந்தது ஒரு இடைவெளில விழுது. அதனால இடைவெளி வர்றதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுடணும், "வெளியூர்ல இருந்து வந்த மறுநாள், ஷூ மாட்டி 10 நிமிஷம்" அப்படின்னு. பழைய அளவ அன்னைக்கே பிடிக்கணும்னு நினைச்சாதான் மனசு தள்ளிப்போடும். ஒரு வாரம் விட்டிருந்தா பாதி அளவுல ஆரம்பிங்க, ஒரு மாசம் விட்டிருந்தா மூணுல ஒரு பங்கு, ரெண்டு மூணு வாரத்துல பழைய இடத்துக்குக் கிட்ட வந்துடுவீங்க. முதல் தடவை ஏறினத விட திரும்ப ஏறறது வேகமாவே நடக்கும், தசைக்கு அந்த ஞாபகம் இருக்கு. மூச்சுத் திறன் ரெண்டு மூணு வாரத்துல குறைய ஆரம்பிச்சாலும் தசை பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. காய்ச்சல் இருக்கற நாள்ல மட்டும் வேணாம், விட்டு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு மெதுவா.

எவ்வளவு பண்ணனும்ங்கறதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு இதான்: பெரியவங்க வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான வேகம், இல்ல 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையான வேகம், ரெண்டையும் கலந்தும் பண்ணலாம், அது போக வாரத்துல குறைஞ்சது ரெண்டு நாள் தசைய பலப்படுத்தற பயிற்சி. மிதமான வேகம்னா பேச முடியும், பாட முடியாது, அதான் அளவு. கணக்கு வேணும்னா நிமிஷத்துக்கு சுமார் 100 ஸ்டெப். முன்னாடி ஒரு விதி இருந்தது, சேர்ந்தாப்ல 10 நிமிஷமாவது பண்ணினாதான் கணக்குல சேரும்னு, 2020ல அத எடுத்துட்டாங்க. நாலு நிமிஷம் வேகமா மாடி ஏறினாலும் சேரும். உங்கள மாதிரி உக்காந்தே வேலை பாக்கறவங்களுக்கு இது பெரிய சலுகை, ஃபோன் பேசறத எல்லாம் நடந்துகிட்டே பேசினாலே ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் சேர்ந்துடும்.

10,000 ஸ்டெப் பத்தி கேக்கல, ஆனா கேப்பீங்க. அது ஆராய்ச்சில வந்த நம்பர் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச மறுவருஷம், 1965ல, ஜப்பான்ல ஒரு கம்பெனி ஸ்டெப் எண்ணற கருவி ஒண்ணு விட்டாங்க, பேரே "பத்தாயிரம் அடி மீட்டர்"னு. அப்படி ஒட்டிக்கிட்டது. 2019ல ஐ-மின் லீ டீம் அமெரிக்காவுல சராசரி 72 வயசுப் பெண்கள் கிட்டத்தட்ட 17,000 பேர வெச்சு பார்த்ததுல, ஒரு நாளைக்கு 2,700 ஸ்டெப் நடந்தவங்கள விட 4,400 நடந்தவங்களுக்கு அந்தக் காலகட்டத்துல சாவு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500 கிட்ட போனதும் அதுக்கு மேல பெருசா பலன் கூடல. நல்லா இருக்கறவங்கதான் அதிகமா நடப்பாங்கங்கறதும் அதுல கொஞ்சம் கலந்திருக்கும், இருந்தாலும் அம்மாகிட்ட சொல்ல வேண்டிய நம்பர் 10,000 இல்ல.

உங்க வேலை பத்தி ஒரு பழைய கதை. லண்டன்ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், 1953ல வெளியிட்டார், ரெட்டை மாடி பஸ்ல வேலை பாக்கற டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆளுங்க, ஒரே பஸ்ஸு. ஒருத்தர் நாள் பூரா உக்காந்திருக்கார், இன்னொருத்தர் ஷிஃப்ட் முழுக்க நூத்துக்கணக்கான படி ஏறி இறங்கறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு தெளிவாவே குறைவு, வந்தாலும் பிந்தி வந்தது, லேசா வந்தது. டிரைவருக்கு ஆரம்பத்துலயே இடுப்பு பெருசுதான்னு அப்புறம் வாதம் வந்தது, அவரும் அதையே எடுத்து ஆராய்ஞ்சார். உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்ப அறிவியலா பேச ஆரம்பிச்சதே அங்கதான். மாரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தார். 2016ல பத்து லட்சம் பேருக்கு மேல டேட்டா சேர்த்துப் பார்த்தப்ப, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்தாலும் 60ல இருந்து 75 நிமிஷம் மிதமா அசையறவங்களுக்கு உக்கார்றதால வர்ற கூடுதல் ஆபத்து கிட்டத்தட்ட தெரியல. அவ்வளவு முடியாதுன்னா அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் நடங்க.

இனிமே அம்மா. "இந்த வயசுக்கு மேல என்ன ஆகப்போகுது"ங்கறதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற பதில் 1990ல பாஸ்டன்ல மரியா ஃபியாட்டரோன் பண்ணின வேலை. முதியோர் இல்லத்துல இருந்த பத்து பேர், வயசு 86ல இருந்து 96, பல பேருக்கு ஏற்கனவே விழுந்து எழுந்த சரித்திரம் உண்டு. எட்டு வாரம், தொடைத் தசைக்கு, லேசான வெயிட் இல்ல, அவங்களால அதிகபட்சம் தூக்க முடிஞ்சதுல 80 சதவீதம் வரைக்கும். சராசரியா பலம் 174 சதவீதம் கூடிச்சு. பத்தே பேருதான், சின்ன ஆராய்ச்சி, ஆனா அதுக்கப்புறம் பெரிய பெரிய ஆராய்ச்சிலயும் திசை மாறல. அமெரிக்காவுல 70 வயசுல இருந்து 89 வயசு வரைக்கும் உள்ள, அதிகம் அசையாத 1,635 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்ப நடையும் பலமும் பேலன்ஸும் பழக வெச்சு, இன்னொண்ணுக்கு உடல்நலம் பத்தி வகுப்பு மட்டும் எடுத்து, ரெண்டரை வருஷத்துக்கு மேல பார்த்தாங்க, 2014ல வந்தது. 400 மீட்டர் தானா நடக்க முடியாம போறது பயிற்சி குரூப்ல 18 சதவீதம் குறைவு. 400 மீட்டர்னா சின்னதா தெரியும், தனியா கடைக்குப் போய் வரலாமா இல்ல யாராவது வந்து கூட்டிப் போகணுமாங்கற கோடு அது.

முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை போயிட்டே இருக்கும், அறுபதுக்கு அப்புறம் வேகமா. நடை மட்டும் இத நிறுத்தாது, அதான் வெறும் வாக்கிங் போதும்ங்கறவங்களோட எனக்குள்ள சண்டை. ஜிம்மும் வேணாம் ஸ்பெஷல் மெஷினும் வேணாம், ஒரு நாற்காலி போதும். முதல்ல அம்மாவ அளந்து பாருங்க: சுவத்த ஒட்டி கைப்பிடி இல்லாத நாற்காலி போட்டு, கைய மார்ல குறுக்க கட்டிக்கிட்டு, 30 செகண்டுல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு. பக்கத்துல நீங்க நில்லுங்க. 70ல இருந்து 74 வயசுப் பெண்களுக்கு 10க்குக் கீழ வந்தா சராசரிக்குக் கம்மி, விழற வாய்ப்பு கூடுதல்னு அர்த்தம், ஆண்களுக்கு அதே வயசுல 12க்குக் கீழ. கைய ஊணாம ஒரு தடவை கூட முடியலன்னா அத பூஜ்யம்னு எழுதிக்குங்க, வருத்தப்பட வேணாம், அங்க இருந்து ஏறறவங்கதான் வேகமா ஏறுவாங்க.

முழங்கால் வலிக்கு "அசைஞ்சா தேயும்"னு யாரோ சொல்லி வெச்சிருப்பாங்க. மூட்டுத் தேய்மானத்துக்கு இன்னைக்கு எல்லா வழிகாட்டிலயும் முதல் சிகிச்சையே உடற்பயிற்சிதான். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அழுத்தி விட்டு அழுத்தி விட்டுத்தான் மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல இருந்து அதுக்கு ஊட்டம் போகுது, கூடவே தொடைத் தசை பலமானா மூட்டு மேல வர்ற அதிர்ச்சிய தசை வாங்கிக்கும். பயிற்சிக்கு கைப்பிடி இருக்கற நாற்காலில தலைகாணி போட்டு உயரமாக்கி, முதல்ல கைப்பிடிய பிடிச்சுக்கிட்டே எந்திரிக்கட்டும், உக்கார்றது மட்டும் மெதுவா, மூணு எண்ணி. அஞ்சு தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னும் அஞ்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் ஒரு தலைகாணிய எடுத்துடுங்க, அதுதான் அவங்களுக்கு வெயிட் ஏத்தறது. வலிய பத்துக்கு எத்தனைன்னு கேளுங்க, பண்ணும்போது மூணு நாலு வரைக்கும் பரவால்ல, மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்திருக்கணும். வீங்கினாலோ மறுநாள் கூடுதலா இருந்தாலோ பாதியா குறைங்க, நிறுத்த வேணாம். இதோட சமையல் மேடைய பிடிச்சுக்கிட்டு குதிங்கால தூக்கி நிக்கிறது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னாடி இன்னொரு பாதம் வெச்சு பத்து எண்ணி நிக்கிறது, இது பேலன்ஸுக்கு. 65க்கு மேல வாரத்துல மூணு நாளாவது பேலன்ஸும் பலமும் சேர்ந்த பயிற்சி வேணும்னு சொல்றாங்க, காரணம் விழறது. 108 ஆராய்ச்சிகள ஒண்ணா சேர்த்து 2019ல பார்த்ததுல உடற்பயிற்சி பண்றவங்க விழற தடவைகள் 23 சதவீதம் குறைஞ்சது. இடுப்பெலும்பு முறிஞ்சு வந்தவங்கள நான் தினம் பாக்கறவன், இந்த 23 எனக்கு வெறும் நம்பரா தெரியாது.

படுத்தே இருக்கறது என்ன பண்ணும்ங்கறதுக்கு இன்னொண்ணு சொல்லிடறேன், ஏன்னா இது உங்களுக்கும் சேர்த்துதான். 1966ல டல்லாஸ்ல இருபது வயசுப் பசங்க அஞ்சு பேர மூணு வாரம் படுக்கைலயே வெச்சாங்க. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேர 50 வயசுல கூப்பிட்டு அளந்தா, மூணு வாரம் படுத்ததுல இழந்த மூச்சுத் திறன் அளவுக்கு முப்பது வருஷ வயசு அவங்ககிட்ட இருந்து எடுக்கல. அதோட விடல, ஆறு மாசம் படிப்படியா நடை, ஜாகிங், சைக்கிள்னு பழக வெச்சாங்க, இருபது வயசுல படுக்கறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே சராசரியா திரும்ப வந்தாங்க. நீங்க விட்ட வருஷங்களுக்கு அழுதுக்கிட்டு இருக்கத் தேவையில்ல. பிரான்ஸ்ல ராபர்ட் மார்ஷான்னு ஒருத்தர், 1911ல பொறந்தவர், வாழ்க்கையோட நடுவுல பல வருஷம் சைக்கிள் பந்தயத்த விட்டுட்டு வயசான காலத்துல திரும்ப ஏறினவர், 2012ல நூறு வயசுல ஒரு மணி நேரத்துல 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 2014ல 102 வயசுல கிட்டத்தட்ட 27. நடுவுல ரெண்டு வருஷம் பயிற்சிய மாத்தினாங்க, 80 சதவீதம் சுலபமான வேகம், 20 சதவீதம் கடுமை. அவர் உடம்பு வாகு எல்லாருக்கும் வராதுதான், ஆனா நூறுலயும் முன்னேற இடம் இருக்குங்கறது தெரிஞ்சுக்க வேண்டியது. அந்த 80க்கு 20 கணக்கு உங்களுக்கும் நல்லதுதான், எல்லா நாளும் மூச்சு முட்ட பண்றவங்கதான் முதல்ல நிறுத்தறாங்க.

பையன். அவன் வயசுக்கு வாரம் முழுக்க சராசரியா தினம் 60 நிமிஷம், அதுல மூணு நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை குடுக்கறது. உலகம் பூரா 11ல இருந்து 17 வயசுல 81 சதவீதம் பேர் இந்த அளவ தொடறதில்ல, அதனால உங்க வீட்டுப் பையன் மட்டும் சோம்பேறின்னு நினைக்காதீங்க. ஆனா இந்த ரெண்டு வருஷம் முக்கியம், வேகமா வளர்ற அந்த ரெண்டு வருஷத்துலதான் பெரியவங்க எலும்புல இருக்கற கனிமத்துல சுமார் கால்வாசி சேருது, ஓடிக் குதிக்கிற விளையாட்டு அதுக்கு ரொம்ப நல்லது. சரியா சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா வெயிட் பயிற்சியும் பண்ணலாம், வளர்த்தி நின்னுடும்ங்கறது கட்டுக்கதை. அவன்கிட்ட உடல்நலம் பத்தி பேசாதீங்க, மேல சொன்ன 35 சதவீதம் ஞாபகம் இருக்கட்டும். எந்த விளையாட்டுன்னு அவனே எடுக்கட்டும், கூட ஒரு ஃப்ரெண்ட் இருந்தா பாதி வேலை முடிஞ்சது. ஃபோனப் பிடுங்கி விளையாட அனுப்பினா விளையாட்டு தண்டனை ஆயிடும். உடற்பயிற்சிய தண்டனையா குடுக்கறவங்களாலதான் பெரியவங்களானதும் பல பேருக்கு அது மேல வெறுப்புங்கறது என் அபிப்ராயம்.

டாக்டர முதல்ல பாக்கணுமான்னா, உங்களுக்கு ஏற்கனவே இதயம், சுகர், கிட்னி பிரச்சனை இருந்தாலோ, மெதுவா நடக்கும்போதே நெஞ்சு இறுக்கம், தலைசுத்தல், அளவுக்கு மீறின மூச்சுத்திணறல், படபடப்பு வந்தாலோ கட்டாயம். அம்மாவுக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிடுங்க, மாத்திரை லிஸ்ட்டையும் எடுத்துட்டுப் போங்க. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுத்தா வாட்ச்ல வர்ற நாடித்துடிப்ப நம்பி வேகத்த முடிவு பண்ண முடியாது, மருந்து அத ஏற விடாது, பேச முடியுதாங்கற கணக்கே போதும். இன்சுலினோ, சுகர ரொம்ப இறக்கற சில மாத்திரைகளோ இருந்தா நடையால இன்னும் இறங்கும், எந்த நேரத்துல நடக்கணும், அளவ மாத்தணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கணும், நீங்களா மாத்தக்கூடாது.

காலைலயா சாயங்காலமான்னா, எது உங்க வீட்ல யாரும் குறுக்க வராத நேரமோ அது. காலைல பண்றவங்களுக்கு அன்னைக்கு வேற வேலை வந்து கெடுக்காது, சாயங்காலம் உடம்பு சூடா, வளைஞ்சு குடுக்கும், ரெண்டுலயும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்ல. மூட்டு இறுக்கமா இருக்கறவங்க எந்திரிச்ச உடனே வேணாம், அதனால அம்மாவுக்கு காலைல பத்து மணி வாக்குல வெச்சுக்குங்க. உங்களுக்கு லேப்டாப் மூடற நேரம் சரியா வரும்னு நினைக்கிறேன், நாள், நேரம், இடம் மூணையும் இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிடுங்க, அதுக்குக் கீழயே தவறினா எந்த நாள் திரும்ப ஆரம்பிப்பீங்கன்னும்.